போரில் விழுந்த விமானத்தையும் விமானியின் கல்லறையையும் தேடுவது எப்படி?

விமானம் விழுந்த இடம் கிடைத்துவிட்டால் விமானி அடக்கமான இடமும் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பலரும் இந்தத் தேடலில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. விமானம் ஒரு வயலில் விழுந்திருக்கும். விமானி பாராசூட்டில் குதித்துப் பல மைல் தள்ளி இறந்திருப்பார். பக்கத்துக் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் புதைத்திருப்பார்கள். போர் முடிந்ததும் அங்கிருந்தும் எடுத்து, தொலைவில் உள்ள பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

2012இல் எகிப்தியப் பாலைவனத்தில் கிட்டிஹாக் ரகப் போர் விமானம் ஒன்று ஏறக்குறைய முழுதாகவே கிடைத்தது. 1942 ஜூன் 28 அன்று காணாமல் போன டென்னிஸ் காப்பிங் என்ற, பிரிட்டிஷ் விமானப்படையின் 260ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவைச் சேர்ந்த விமானி ஓட்டிச் சென்ற விமானம் அது. எழுபது ஆண்டு கழித்து விமானம் கிடைத்தும் அவருக்கென்று ஒரு கல்லறை அமையவில்லை. அவர் பெயர் இன்றும் அலமெய்ன் நினைவுச்சின்னத்தில், கல்லறை இல்லாதவர்கள் வரிசையில்தான் இருக்கிறது.

அதனால் முதலிலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: விமானம் ஒரு விசாரணை, மனிதர் ஒரு விசாரணை, கல்லறை ஒரு விசாரணை. மூன்றுக்கும் தனித்தனிக் குறிப்பேடு வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆவணங்களாவது ஒரே விடையைச் சொல்லும்வரை ஒன்றை இன்னொன்றோடு இணைக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரைப் பற்றியே பேசுகிறேன், காரணம் அதன் ஆவணங்கள்தான் அதிகம் தப்பியிருக்கின்றன.

கையில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

உங்களிடம் ஒரு பெயர் இருக்கலாம், ஒரு ஊர்க்கதை இருக்கலாம், இல்லை நசுங்கிய அலுமினியத் துண்டு ஒன்று இருக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: இதைச் சொன்னது யார், எப்போது சொன்னார்கள்? விபத்து நடந்த அன்றே எழுதப்பட்ட ஒரு வரிக்கும் ஐம்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன ஒரு வரிக்கும் எடை வேறு. இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது ஆதாரம், எது யாரோ சொன்ன ஊகம் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

பெயர் தெரிந்தால்

பிரிட்டிஷ், காமன்வெல்த் விமானி என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல்தான் முதல் படி. 1917இல் தொடங்கிய இந்த ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவை வைத்திருக்கிறது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்மித்களும் ஜோன்ஸ்களும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். படை எண் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் திறக்கும் எல்லா ஆவணத்திலும் ஆளை உறுதிப்படுத்துவது அந்த எண்தான்.

பதிவில் கல்லறைத் தோட்டத்தின் பெயர் வந்தால் அடக்கம் செய்யப்பட்ட உடல் இருக்கிறது என்று அர்த்தம். நினைவுச்சின்னத்தின் பெயர் வந்தால் உடல் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த உடல் யாருடையது என்று தெரியவில்லை. பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து திரும்பாத 20,000க்கும் மேற்பட்டோர் ரன்னிமீட் நினைவுச்சின்னத்தில் இருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பகுதிக்கு மால்டா நினைவுச்சின்னம், தென்கிழக்கு ஆசியாவுக்குச் சிங்கப்பூரில் கிராஞ்சி. எந்தச் சின்னத்தில் பெயர் இருக்கிறது என்பதே அவர் எந்தப் போர்முனையில் பறந்தார் என்று சொல்லிவிடும்.

போலந்துக்காரர்கள் விஷயத்தில் கவனம் தேவை. பிரிட்டிஷ் விமானப்படையோடு தோளோடு தோள் நின்று பறந்தாலும் அவர்களுடையது தனிப்படை. அதனால் காணாமல் போன போலந்து விமானிகளை ரன்னிமீட்டில் தேடக்கூடாது. லண்டனுக்கு மேற்கே நார்தோல்ட்டில் உள்ள போலந்து நினைவுச்சின்னத்தில் தேட வேண்டும். செக் விமானிகள் பிரிட்டிஷ் படையிலேயே சேர்க்கப்பட்டதால் ரன்னிமீட்டில் இருப்பார்கள். அதேபோல பிரிட்டிஷ் சீருடையில் பறந்தவர்கள் எல்லாரும் பிரிட்டிஷார் அல்ல. முதல் உலகப் போரில் 40ஆம் ஸ்குவாட்ரனில் பறந்து 1918 ஜூலை 22 அன்று வீழ்ந்த கல்கத்தாக்காரர் இந்திரலால் ராய், பிரான்சில் எஸ்தவெல் என்ற சின்ன ஊரின் பொதுக் கல்லறையில் இருக்கிறார். அவர் கல்லறைக் கல்லில் வங்காள எழுத்துகளைக் காணலாம்.

அமெரிக்க விமானி என்றால் அமெரிக்கப் போர் நினைவுச்சின்ன ஆணையத்தின் தேடலைப் பாருங்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. காணாமல் போனவர்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி பெரும்பாலும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்தே இறப்பு தேதி குறித்தார்கள். 1944 மார்ச்சில் விழுந்தவருக்கு 1945 மார்ச் தேதி போட்டிருக்கும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு ஸ்குவாட்ரன் பதிவுகளைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். இன்னொன்று: அமெரிக்கர்கள் தங்கள் வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் குடும்பங்கள் கேட்டபடி 1947க்குப் பிறகு தாய்நாட்டுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவர்கள் அந்த ஆணையத்தின் கல்லறைப் பட்டியலில் வரமாட்டார்கள். காணாமல் போனவர்களின் பெயர்ப் பலகையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்ன வெண்கல ரோஜா பதித்திருந்தால், அவர் பிறகு கண்டெடுக்கப்பட்டார் என்று பொருள்.

ஜெர்மன் விமானிகளுக்கு 1919இல் தொடங்கிய போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கமான ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் தேடல் இருக்கிறது. பிரிட்டனில் விழுந்த ஜெர்மானியர்களில் பலரை 1960களில் கானக் சேஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். போர்க்காலத்தில் ஜெர்மன் வீரர்களின் இறப்பைப் பதிவு செய்த பெர்லின் அலுவலகம் 2019 முதல் அந்நாட்டின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைந்துவிட்டது. விண்ணப்பத்தை அங்கே அனுப்ப வேண்டும். பதில் வரத் தாமதமாகும், பொறுமை வேண்டும்.

ஸ்குவாட்ரன் ஏடுகள்

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த கட்டம் இது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் ஒவ்வொன்றும் நாளேடு எழுதின. அவை லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் உள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. நாளேட்டில் இரண்டு வகைப் படிவம் உண்டு. 540 என்பது அன்றைய நாளின் சுருக்கம். 541தான் உங்களுக்கு வேண்டியது. தேதி, விமான வகை, சீரியல் எண், விமானி பெயர், பணி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரே பணிக்குப் போன பன்னிரண்டு பேரின் பெயர் வரிசையாக இருக்கும். பதினோரு பேருக்கு இறங்கிய நேரம் தட்டச்சு செய்திருக்கும். ஒருவருக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் கோடு, அல்லது வெறுமை. பக்கத்தில் திரும்பவில்லை என்று ஒரு குறிப்பு. அவர்தான் உங்கள் விமானி.

அந்த வரியைப் பார்த்ததும் மூடிவைத்துவிடாதீர்கள். மீதிப் பதினோரு பேரின் குறிப்பையும் படியுங்கள். அவரைக் கடைசியாகப் பார்த்தவர் அதில் ஒருவராக இருப்பார். எந்த உயரத்தில், எந்த ஊருக்கு மேல், எத்தனை எதிரி விமானங்களோடு சண்டை நடந்தது என்பதெல்லாம் அவர்கள் எழுதியதில்தான் இருக்கும். சண்டையில் சுட்டவர்கள் தனியாக அறிக்கையும் கொடுத்தார்கள். அவை ஏர் 50 வரிசையில் உள்ளன. பிறகு ஏர் 81. இது விமான அமைச்சகத்தின் உயிரிழப்புப் பிரிவு ஒவ்வொரு விபத்துக்கும் திறந்த கோப்பு. குடும்பத்தின் கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கத் தந்தி, அடக்கம் பற்றிய தகவல் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இந்தக் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பொதுமக்களுக்குத் திறந்துவருகிறார்கள். இன்று இல்லாவிட்டால் சில காலம் கழித்து மறுபடி பாருங்கள்.

விமானி ஆஸ்திரேலியர் என்றால் வேலை சுலபம். ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசையில் விமானப்படை உயிரிழப்புக் கோப்புகள் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே இலவசமாகப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கனடாவும் போரில் இறந்த தன் வீரர்களின் பணிக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனில் பறந்த ஒருவர் உண்மையில் எந்த நாட்டுப் படையைச் சேர்ந்தவர் என்று முதலில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க விமானங்களுக்கு 1943 முதல் காணாமல் போன விமானக் குழு அறிக்கை என்ற ஒன்றை எழுதினார்கள். கடைசியாகக் கண்ட இடம், வானிலை, கூடப் பறந்தவரின் வாக்குமூலம், சில சமயம் கையால் வரைந்த வரைபடம், இவற்றோடு இஞ்சின் எண்ணும் ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கியின் எண்ணும்கூட அதில் இருக்கும். மண்ணிலிருந்து கிடைத்த துப்பாக்கியின் எண் இந்த அறிக்கையோடு பொருந்தினால் விமானம் எது என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. அடக்கம் பற்றி அறிய, இறந்தவருக்கான தனிநபர் கோப்பை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் தனியாகக் கேளுங்கள். 1973இல் செயின்ட் லூயிஸ் தீ விபத்தில் தரைப்படையினரின் பணிக் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு எரிந்துபோயின. அன்றைய அமெரிக்க விமானப்படை தரைப்படையின் ஒரு பிரிவு என்பதால் விமானிகளின் கோப்புகளும் அதில் அடக்கம். அந்த இழப்பைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இறந்தவர் கோப்பு வேறு, பணிக் கோப்பு வேறு.

எதிர்த்தரப்பின் கணக்கு

ஒரு விமானம் விழுந்ததை வீழ்த்தியவனும் எழுதி வைத்திருப்பான். இந்த விமானத்தை நான்தான் வீழ்த்தினேன் என்று ஜெர்மன் விமானிகள் பதிவு செய்த குறிப்புகளில் நேரம், உயரம், இடம் மூன்றும் இருக்கும். இரண்டு தரப்புக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தேடலில் வெளிச்சம் வருகிறது. ஆனால் கடிகாரத்தைச் சரி செய்யாமல் ஒப்பிடாதீர்கள். 1940 கோடையில் ஜெர்மன் நேரம் பிரிட்டிஷ் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடியது. 1941 கோடையில் பிரிட்டன் கடிகாரத்தை இன்னொரு மணி முன்னால் நகர்த்தியதால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் மறுபடி ஒரு மணி வித்தியாசம். இது தெரியாமல் சரியான பொருத்தத்தைத் தள்ளிவிட்டவர்களும் உண்டு, தவறான பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஊர்ப்பெயரும் அப்படித்தான். ஜெர்மன் ஆவணத்தில் பிரெஸ்லாவ் என்று இருக்கும் ஊர் இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப். பழைய ராணுவ வரைபடக் கட்ட எண்களும் இன்றைய ஜிபிஎஸ் எண்களும் ஒன்றல்ல. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் உண்டு, ஆனால் எந்தக் கட்ட முறை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

உலோகத் துண்டு பேசும்

ஒரு துண்டு கிடைத்தால் கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். முத்திரையும் பெயின்ட்டும்தான் முக்கியம், இரண்டும் தேய்த்தால் போய்விடும். பல்புக் கடையில் விற்கும் சாதாரண டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மங்கிய எழுத்துகள் நிழலாகத் தெரியும்.

பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் பாக எண்கள் பெரும்பாலும் 300 என்று தொடங்கும், அதன் வடிவமைப்பு எண் அது. ஆய்வு முத்திரையில் 6எஸ் என்று இருப்பதும் அந்த விமானத்தையே காட்டும். ஜெர்மன் விமானங்களில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்றால் 8-109 என்றும், ஃபோக்கவுல்ஃப் 190 என்றால் 8-190 என்றும் தகட்டில் காணலாம். அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங்கின் டி ரகத்துக்கு 109 என்று தொடங்கும் எண்கள் வரும், அதனால் 109ஐப் பார்த்த உடனே மெஸ்ஸர்ஷ்மிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவை அங்குலத்தில் போட்டிருக்கிறார்களா, மில்லிமீட்டரிலா என்று பாருங்கள். எச்சரிக்கை வாசகம் எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

காலி தோட்டாக் கூடுகளின் அடியில் தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். 1941 என்று ஒரே ஒரு கூட்டில் இருந்தாலும் போதும், இந்த விபத்து 1940இல் நடந்ததாக ஊரில் சொல்லும் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் அதை நீட்டக்கூடாது. 1940 கூடுகள் மட்டும் இருப்பதால் விபத்து 1940 என்று ஆகாது, பழைய தோட்டாக்களைப் பின்னாலும் பயன்படுத்தினார்கள். இந்த விவரமெல்லாம் விமானத்தின் வகையையும் காலத்தையும்தான் சொல்லும். இருபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸ்பிட்ஃபயர்களில் இது எது என்று சொல்ல சீரியல் எண்ணோ இஞ்சின் எண்ணோ வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பது

அன்று எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தொடுகிறார்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், காப்பகம் நாளைக்கும் இருக்கும். ஸ்பிட்ஃபயர்தானே விழுந்தது என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். என்ன பார்த்தீர்கள், நீங்கள் அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள், வயலில் என்ன பயிர் நின்றது என்று கேளுங்கள். பயிர் மாதத்தைச் சொல்லிவிடும். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப்போய் விரலை நீட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விபத்துகள் ஒரே கதையாகக் கலந்திருப்பது மிகச் சாதாரணம். ஊராட்சி இறப்புப் பதிவேடு, தேவாலய அடக்கப் பதிவேடு, காவல் நிலையக் குறிப்பு ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்துப் பிரித்தெடுங்கள்.

மண்வெட்டியைத் தொடாதீர்கள்

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானம் எதுவானாலும் தானாகவே பாதுகாக்கப்பட்ட இடம்தான். பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். உடல் எச்சங்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்க வாய்ப்பு உண்டு என்றால் உரிமமே கிடைக்காமல் போகலாம். பிரான்சில் பழம்பொருள் தேடி மெட்டல் டிடெக்டர் பிடிப்பதற்கே அனுமதி வேண்டும். எந்த நாடானாலும் நில உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் ஆபத்து நிஜம். போர் விமானத்தின் பீரங்கிக் குண்டுகள் எண்பது ஆண்டுக்குப் பிறகும் வெடிக்கும். இருட்டில் ஒளிர்வதற்காகக் கருவி முகப்புகளில் ரேடியம் பூசினார்கள். அது இன்றும் கதிரியக்கம் உள்ள பொருள், வீட்டு மேசையில் வைத்துச் சுரண்டக் கூடாது. எலும்பு போல எதையாவது பார்த்தால் அப்படியே விட்டுவிட்டுக் காவல்துறையை அழையுங்கள். அந்த இடம் ஒருவரின் கல்லறையாக இருக்கலாம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும். 257ஆம் ஸ்குவாட்ரனின் ஹியூ பெரஸ்ஃபோர்டு 1940 செப்டம்பர் 7 அன்று ஹரிகேன் போர் விமானத்தில் கிளம்பித் திரும்பவில்லை. முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஷெப்பி தீவின் சதுப்பு நிலத்தில் தன் விமானத்தோடேயே புதைந்து கிடந்தார். 1979இல் எடுத்து புரூக்வுட் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

கல்லறையை நோக்கி

காமன்வெல்த் ஆணையத்தின் பதிவுப் பக்கத்தில் கீழே ஸ்கேன் செய்த படிவங்கள் இருக்கும். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் அது. கல்லறை மாற்றப் படிவம் இருந்தால், உடல் முதலில் எந்த ஊரில் எந்தக் கட்ட எண்ணில் இருந்தது, எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று அதில் காணலாம். ரைஷ்வால்ட் வனத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சுமார் 4,000 விமானப்படையினர் மேற்கு ஜெர்மனியின் பல ஊர்களிலிருந்து அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள். முதல் அடக்க இடம்தான் விபத்து இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

காணாமல் போனவர்களைத் தேட பிரிட்டிஷ் விமானப்படையே ஒரு தேடுதல் பிரிவை 1944இல் அமைத்தது. அந்தப் பிரிவின் அதிகாரிகள் ஐரோப்பாவெங்கும் கிராமம் கிராமமாகப் போய்க் குழிகளைத் திறந்து, சீருடைத் துணியையும் சலவைக் குறியையும் பல் வரிசையையும் பார்த்துப் பார்த்து ஆளை அடையாளம் கண்டார்கள். காணாமல் போன சுமார் 42,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 1950க்குள் பெயரோடு கல்லறை கிடைத்தது. இந்த மனிதர்கள் செய்த வேலையின் மேல்தான் நம் தேடல் எல்லாம் நிற்கிறது. அவர்களின் அறிக்கை உங்கள் விமானியின் கோப்பில் இருந்தால் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கடலில் விழுந்தவர்களுக்குக் கரையோரக் கல்லறைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் விழுந்தவரின் உடல் வாரங்கள் கழித்து நெதர்லாந்திலோ டென்மார்க்கிலோ ஒதுங்கியிருக்கலாம். பெயர் தெரியாத விமானப்படை வீரர் என்று மட்டும் பொறித்த கற்களில் சிலவற்றில் ஒரு தேதி இருக்கும். கரை ஒதுங்கிய தேதியா, இறந்த தேதியா என்று படிவத்தில் சரிபாருங்கள். பதவி, படையின் பெயர் என்று வேறு ஏதாவது இருந்தால் அதுவும் சேரும். பிறகு அந்தக் கடற்பகுதியில், அந்தக் காலத்தில், அந்தப் பதவியில் காணாமல் போய் இன்னும் கல்லறை இல்லாத எல்லோரையும் பட்டியலிடுங்கள். உங்கள் விமானி பொருந்துகிறார் என்று காட்டுவது பாதி வேலைதான். மற்றவர்கள் ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொருவராகக் காரணத்தோடு நீக்க வேண்டும். வேறு ஒருவர் மிச்சமிருந்தாலும் உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படாது.

அப்படி ஒரே பெயரில் வந்து நின்றால், ஆதாரங்களை நகலோடு வரிசைப்படுத்தி ஆணையத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் ஆய்ந்து, அந்த வீரரின் நாட்டு அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். முடிவெடுப்பது அந்த நாடுதான். ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதுவரை பெயரைப் பொதுவில் வெளியிட வேண்டாம், உறவினர்களை நீங்களாகத் தேடிப்போய்ச் சொல்லவும் வேண்டாம். தவறாகிவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டாவது முறை அவரை இழக்கும். ஏற்கப்பட்டால் அதிகாரிகளே குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தெரிவிப்பார்கள். பழைய கல்லை எடுத்துவிட்டுப் பெயர் பொறித்த புதுக் கல்லை நடுவார்கள். உங்கள் குறிப்பேட்டின் ஒரு நகலை அந்த ஊரின் ஆவணக் காப்பகத்திலும் கொடுத்து வையுங்கள், ஏற்கப்படாமல் போனாலும்கூட. நீங்கள் நீக்கிய பெயர்களின் பட்டியல் அதே கடற்கரையில் வேறொரு விமானியைத் தேடுபவருக்கு உதவும்.